ஒரு மில்லிகிராம் ஊசியும் கே2 மாத்திரையும்

2013ஆம் ஆண்டு பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு நான்கு கைக்குழந்தைகள் ரத்தக்கசிவோடு வந்து சேர்ந்தன. மூன்றுக்கு மண்டையோட்டுக்குள் கசிவு, ஒன்றுக்குக் குடலில். பிறந்து ஆறு வாரத்திலிருந்து பதினைந்து வாரத்துக்குள் இருந்த குழந்தைகள். நான்குக்கும் பொதுவாக இருந்த விஷயம் ஒன்றுதான்: பிறந்தவுடன் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசியைப் பெற்றோர் வேண்டாம் என்று மறுத்திருந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வந்து விசாரித்தது. அந்நகரின் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் 3.4 சதவீதமும், தனியார் பிரசவ இல்லங்களில் பிறந்தவற்றில் 28 சதவீதமும் அந்த ஊசி போடப்படாதவை என்று தெரிந்தது. ஊசியால் ரத்தப் புற்றுநோய் வரும் என்றார்கள் பெற்றோர். இயற்கையாகப் பிறந்த பிள்ளைக்கு இது எதற்கு என்றார்கள். பச்சை உடம்பில் நஞ்சு சேரும் என்றார்கள். நான்கு குழந்தைகளும் உயிர் பிழைத்தன; மூளைக்குள் கசிந்தவற்றை நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருந்தது.

வைட்டமின் கே பற்றிய தொண்ணூறு ஆண்டு ஆராய்ச்சியில் ஐயத்துக்கு இடமே இல்லாத முடிவு என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால் அது இந்த ஊசிதான். அதைத்தான் படித்தவர்கள் சந்தேகிக்கிறார்கள். எலும்பு உறுதிக்கும் ரத்தக் குழாய்க்கும் என்று விற்கப்படும் கே2 மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் ஆதாரமோ இன்னும் ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது. அதைக் கேள்வி கேட்காமல் வாங்கி விழுங்குகிறோம். ஆதாரமும் நம்பிக்கையும் இப்படி இடம் மாறிக் கிடப்பது எப்படி நேர்ந்தது என்று பார்க்க, கதையைக் கோழிக்குஞ்சுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற உயிர்வேதியியலாளர் 1929இல் தேடிக்கொண்டிருந்தது வைட்டமினை அல்ல. கோழிக்குஞ்சு தன் உடலிலேயே கொலஸ்ட்ராலைத் தயாரித்துக்கொள்கிறதா என்பது அவருடைய கேள்வி. அதற்காகக் கொழுப்பை முழுக்க நீக்கிய தீனியைக் கொடுத்து வளர்த்தார். சில வாரங்களில் குஞ்சுகளின் தோலுக்கடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்தது. எடுத்த ரத்தம் உறைய வெகுநேரம் பிடித்தது. கொலஸ்ட்ராலைத் திரும்பச் சேர்த்தும் பயனில்லை. வைட்டமின் சி கொடுத்தும் நிற்கவில்லை. பச்சிலைகளும் பன்றியின் கல்லீரலும் கொடுத்தபோது நின்றது. ரத்தம் உறைவதற்கான புதிய வைட்டமின் இது என்று 1935இல் அறிவித்து, உறைதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தான கே-யை அதற்குச் சூட்டினார். ஏறத்தாழ அதே நேரத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்மன் ஆல்ம்குவிஸ்ட்டும் ஸ்டோக்ஸ்டாடும் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்திருந்தார்கள். அவர்களுடைய கட்டுரை கொஞ்சம் பிந்தி அச்சேறியது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் எட்வர்ட் டாய்சி 1939இல் பச்சிலையில் உள்ள கே1, அழுகிய மீன்தூளில் பாக்டீரியா உண்டாக்கும் கே2 இரண்டையும் பிரித்தெடுத்து வேதியமைப்பைக் கண்டார். 1943க்கான நோபல் பரிசு டாமுக்கும் டாய்சிக்கும் போயிற்று. ஆல்ம்குவிஸ்ட் பட்டியலில் இல்லை. அறிவியல் வரலாற்றில் இது புதிதல்ல என்றாலும், பிந்திய சில வாரங்களுக்கு இது கொஞ்சம் அதிகமான தண்டனை.

மனிதர்களிடம் முதலில் பயன் தெரிந்தது அறுவை அரங்கில். பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சள் காமாலை கண்டவர்களுக்குக் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்பது 1930களின் மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பயம். வைட்டமின் கே கொழுப்பில் கரைவது. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் உடல் அதை உறிஞ்ச முடியாது. 1938இல் அயோவா பல்கலைக்கழகத்திலும் மேயோ மருத்துவமனையிலும் இத்தகைய நோயாளிகளுக்குப் பித்த உப்போடு வைட்டமின் கே கொடுத்துக் கசிவை நிறுத்தினார்கள். இந்தப் பித்தநீர்க் கணக்கு பின்னால் பச்சிளங்குழந்தை விஷயத்திலும் திரும்ப வரும்.

கோழிக்குஞ்சு காட்டியது இப்பொருள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை. இருந்தும் அது வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதை மாடுகள் காட்டின. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளிலும் ஸ்வீட் குளோவர் என்ற தீவனச்செடியின் பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகள், கொம்பு வெட்டினாலோ காயடித்தாலோ ரத்தம் வடிந்து செத்தன. கனடிய கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் குற்றவாளி கெட்டுப்போன தீவனம்தான் என்று கண்டார். அதிலிருக்கும் வேதிப்பொருள் யாருக்கும் பிடிபடவில்லை. 1933 பிப்ரவரியில் பனிப்புயலுக்கு நடுவே எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்த கிடாரி ஒன்றையும் உறையாத ரத்தம் நிறைந்த பால்கேனையும் கெட்ட வைக்கோலையும் வண்டியில் ஏற்றி, சுமார் 190 மைல் ஓட்டி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் கதவு திறந்திருந்தது. தீவனத்தை மாற்றுங்கள் என்பதைத் தவிர அன்று லிங்க்கால் அவருக்கு வேறெதுவும் சொல்ல முடியவில்லை. ஆறு ஆண்டு உழைத்து, 1939இல் அவருடைய ஆய்வகம் டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தது. அதன் வழியில் பிறந்த இன்னொரு சேர்மம் 1948இல் எலிமருந்தாகச் சந்தைக்கு வந்தது. அதன் பெயர் வார்ஃபரின். 1951இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் தற்கொலை எண்ணத்தோடு அந்த எலிமருந்தைத் தின்று, வைட்டமின் கே கொடுக்கப்பட்டுப் பிழைத்தார். மனிதருக்கும் இதை அளந்து கொடுக்கலாம் என்ற துணிச்சல் அதன் பிறகு வந்தது. 1954இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அதிபர் ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள்.

இந்த இரண்டு கதைகளும் மூலக்கூறு அளவில் ஒன்றுசேர 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்வீடனில் யோஹன் ஸ்டென்ஃப்ளோ, டைகூமரால் கொடுத்த மாட்டின் ரத்தத்திலிருந்த புரோத்ராம்பின் புரதத்தையும் சாதாரண மாட்டினுடையதையும் ஒப்பிட்டார். அளவில் குறைவில்லை, ஆனால் டைகூமரால் மாட்டின் புரதம் கால்சியத்தைப் பிடிக்கவில்லை. காரணம் இதுதான்: புரோத்ராம்பினின் ஒரு முனையில் இருக்கும் பத்து குளூட்டாமிக் அமிலங்கள் ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதி சேரவேண்டும். சேர்ந்தால் அவை இடுக்கிபோலக் கால்சியத்தைக் கவ்வும். அந்தக் கால்சியத்தின் வழியாகத்தான் புரதம் காயம்பட்ட இடத்துச் சவ்வில் ஒட்டிக்கொண்டு உறைவைத் தொடங்கும். அந்தத் தொகுதியைச் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் கே வேண்டும். இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என்ற உறைவுக் காரணிகளுக்கெல்லாம் இதே கதைதான். உறைவுக்குக் கடிவாளம் போடும் சி, எஸ் என்ற புரதங்களுக்கும் இதே தேவை உண்டு.

வேலை முடிந்ததும் வைட்டமின் கே எபாக்சைடாக மாறிவிடும். வேறொரு நொதி அதைப் பழைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும், மறுபடி பயன்படும். உணவில் நமக்கு வேண்டியது மைக்ரோகிராம் கணக்கில்தான் என்பதற்கு இந்தச் சுழற்சியே காரணம். அமெரிக்கப் பரிந்துரை ஆணுக்கு நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 90. வார்ஃபரின் அடைப்பது இந்தத் திருப்பும் நொதியைத்தான். அதற்கான மரபணுவை 2004இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒருவருக்கு இரண்டு மில்லிகிராம் மாத்திரை போதுவதும் இன்னொருவருக்கு எட்டு தேவைப்படுவதும் ஏன் என்பதற்கு ஒரு பகுதி விடை அதிலிருந்து கிடைத்தது.

இனி குழந்தைக்கு வருவோம்.

பாஸ்டன் மருத்துவர் சார்லஸ் டவுன்சென்ட் 1894இலேயே, பிறந்த சில நாள்களில் ரத்தம் கசிந்த ஐம்பது சிசுக்களைப் பதிவு செய்து, இது பரம்பரை ரத்தக்கசிவு நோயிலிருந்து வேறானது என்று எழுதினார். பிறந்த குழந்தையின் நிலைமையைப் பார்த்தால் கசியாமல் இருப்பதுதான் ஆச்சரியம். நஞ்சுக்கொடி வழியாக வைட்டமின் கே மிகக் கொஞ்சமே கடக்கும். குடலில் கே2 தயாரிக்கும் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. தாய்ப்பாலில் லிட்டருக்கு ஒன்றிலிருந்து நான்கு மைக்ரோகிராம்தான் இருக்கிறது. தாய்ப்பாலை மிஞ்சிய உணவில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது உறுத்தும். எனக்கும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் தாய்ப்பாலில் இது குறைவு என்பது அளந்து அறிந்த உண்மை. தாய் சத்தாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. வழக்கமான சாப்பாட்டுக்குப் பாலின் அளவு பெரிதாக அசைவதில்லை.

கசிவு மூன்று காலங்களில் வரும். முதல் நாளிலேயே வருவது பெரும்பாலும் தாய் வலிப்பு மருந்து, காசநோய் மருந்து போன்றவற்றைச் சாப்பிட்டதால். முதல் வாரத்தில் வருவது தொப்புளிலும் குடலிலும் கசிவது. மருத்துவர்கள் நடுங்குவது மூன்றாவதைக் கண்டுதான்: இரண்டாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரையில், சில நேரம் ஆறாம் மாதம் வரையில் வருவது. முழுக்கத் தாய்ப்பால் மட்டும் குடிக்கும், கொழுகொழுவென்று வளரும் குழந்தையிடம் திடீரென்று வரும். ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூளைக்குள் கசியும். ஊசி போடாத ஐரோப்பியக் குழந்தைகளில் லட்சத்துக்கு நான்கிலிருந்து ஏழு பேருக்கு இது வந்ததாகக் கணக்கு. எண் சிறியதுதான். ஆனால் ஊசி போடாத குழந்தைக்கு இந்த ஆபத்து 81 மடங்கு கூடுதல் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. தடுக்கத் தேவைப்படுவது ஒரு மில்லிகிராம், ஒரே ஒரு முறை.

இவ்வளவு தெளிவான விஷயத்தில் பயம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி நியாயமாகவே வந்தது. 1950களில் கே1க்குப் பதிலாக, செயற்கை வடிவமான மெனடையோனின் நீரில் கரையும் உப்புகளைக் குறைமாதக் குழந்தைகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். சிவப்பணுக்கள் உடைந்து, காமாலை மூளைக்கு ஏறிய குழந்தைகள் உண்டு. மருத்துவம் அந்த வடிவத்தைக் கைவிட்டு, கே1-ஐச் சிறு அளவில் கொடுக்கும் முறைக்கு வந்தது. 1961இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் எல்லாக் குழந்தைக்கும் அதைப் பரிந்துரைத்தது.

இரண்டாவது பயம் பிரிஸ்டலில் பிறந்தது. 1970இல் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஜீன் கோல்டிங், வைட்டமின் கே பெற்றவர்களிடம் குழந்தைப்பருவப் புற்றுநோய் கொஞ்சம் அதிகமாகத் தெரிவதை 1990இல் குறிப்பிட்டார். தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் அதைச் சோதிக்க இரண்டு பிரிஸ்டல் மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் புரட்டினார். புற்றுநோய் கண்ட 195 குழந்தைகளை மற்றவர்களோடு ஒப்பிட்டதில், தசையில் ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 1992இல் வெளியிட்டார். பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளில் மருத்துவமனைகள் ஊசியிலிருந்து வாய்வழிச் சொட்டுக்கு மாறத் தொடங்கின.

கோல்டிங்கைக் குறை சொல்ல நான் தயாரில்லை. தென்பட்டதைச் சொன்னார், மற்றவர்களைச் சோதிக்கச் சொன்னார். ஆனால் அந்தக் காலத்தில் ஊசி எல்லாருக்கும் ஒரே மாதிரி போகவில்லை. குறைமாதம், ஆயுதப் பிரசவம் என்று ஏற்கெனவே சிக்கலில் இருந்த குழந்தைகளுக்கு முதலில் போயிற்று. ஊசியின் விளைவையும் சிக்கலின் விளைவையும் பிரிக்கச் சின்னக் கணக்கு போதாது. பெரிய கணக்கு அடுத்த ஆண்டே வந்தது. ஸ்வீடன் 1973 முதல் 1989 வரை பிறந்த 13 லட்சம் நிறைமாதக் குழந்தைகளைப் பார்த்தது. ஊசிக்கும் சொட்டுக்கும் புற்றுநோயில் வேறுபாடே இல்லை. அமெரிக்காவில் கிளெபனாஃப் குழு 54,795 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தது. பின்னால் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் அந்தத் தொடர்பு திரும்பக் கிடைக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து நாஷ்வில் பெற்றோர் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னபோது, 1992இன் செய்தி மட்டும் அவர்களை வந்தடைந்திருந்தது. 1993இன் செய்தி வரவில்லை.

வாய்வழிச் சொட்டு போதாதா என்பது நேர்மையான கேள்வி. நெதர்லாந்து அறியாமலேயே அதற்குச் சோதனை நடத்திக் காட்டியது. அங்கே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாள்தோறும் 25 மைக்ரோகிராம் சொட்டு கொடுத்தார்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு அது போதும். ஆனால் சில குழந்தைகள் பித்தக்குழாய் உருவாகாமலேயே பிறக்கின்றன. முதல் மாதத்தில் அது வெளியே தெரியாது. பித்தநீர் இல்லாத குடலில் சொட்டு எப்படி ஏறும்? அத்தகைய தாய்ப்பால் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ரத்தம் கசிந்ததை 2008இல் வெளியான ஒப்பீடு காட்டியது; பிறந்தவுடன் ஊசி போட்ட டென்மார்க் குழந்தைகளில் அது அரிதாகவே இருந்தது. அளவை 150 மைக்ரோகிராமாக உயர்த்திப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் டச்சு சுகாதாரக் குழுவே ஊசிக்கு மாறச் சொல்லிப் பரிந்துரைத்தது. யாருக்குப் பித்தக்குழாய் இல்லை என்று பிறந்த அன்று நமக்குத் தெரியாது. எல்லாருக்கும் போடுவதன் நியாயம் அதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் நடுவண் சுகாதார அமைச்சகம் 2014இல் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது: ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைக்கு 1 மில்லிகிராம், அதற்குக் கீழே 0.5 மில்லிகிராம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஊசி எட்டாத குழந்தை என்று ஒன்று இங்கே இருக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் பெற்றோரில் பலருக்கு இப்படியொரு ஊசி உண்டு என்றே தெரியாது. பிசிஜி, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி வரிசையில் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். தெரியாமலே கிடைக்கிற நன்மை, வதந்தி வரும் நாளில் எளிதாகப் பறிபோகும்.

அடுத்தது கீரை. மேல்நாடுகளில் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நம் ஊரில் முப்பது வயதுப் பெண்ணும் சாப்பிடுகிறாள். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, உலோக வால்வு பொருத்தியிருப்பார்கள். அதில் ரத்தம் கட்டாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரினோ அதன் தம்பியான அசிட்ரோம் மாத்திரையோ வேண்டும். புதிய மருந்துகள் இந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. உலோக வால்வில் டாபிகட்ரானைச் சோதித்த ஆய்வு, ரத்தக்கட்டும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது. வாத இதயநோயோடு இதயத் துடிப்புச் சீர்கேடும் உள்ளவர்களிடம் ரிவரோக்ஸபானைப் பழைய மாத்திரையோடு ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வந்தது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. எழுபது வயதான எலிமருந்து இன்னும் பணியிலிருந்து ஓய்வு பெறவில்லை.

இந்த நோயாளிகளுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவை மாதாமாதம் பார்க்கும் இடத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை: கீரை, முட்டைக்கோஸ் தொடக்கூடாது. கேட்டால் தர்க்கமாகத்தான் படும். பசலைக்கீரை நூறு கிராமில் ஏறத்தாழ 480 மைக்ரோகிராம் கே1 இருக்கிறது. மாத்திரை வைட்டமினை எதிர்க்கிறது. ஆகவே வைட்டமினை நிறுத்து. ஆனால் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு 2005இல், ஐஎன்ஆர் நிலையாக நிற்கும் நோயாளிகளையும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்களையும் ஒப்பிட்டபோது தெரிந்தது வேறு. நிலையில்லாதவர்கள் உணவில் நாளுக்குச் சுமார் 29 மைக்ரோகிராமும், நிலையானவர்கள் 76 மைக்ரோகிராமும் எடுத்திருந்தார்கள். இருப்பு வற்றிக் கிடக்கும் உடலில், ஒரு கல்யாணச் சாப்பாடே அளவை ஆட்டிவிடும். அதே குழு 2007இல் நிலையற்ற எழுபது பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்தது. அவர்களின் ஏற்ற இறக்கம் குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை. எல்லாருக்கும் வைட்டமின் கே சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்றே 2012இன் அமெரிக்க மார்பு மருத்துவர் கழக வழிகாட்டி சொல்கிறது. ஆனால் அடிப்படைப் பாடம் மாறவில்லை: தேவைப்படுவது ஒரே சீரான அளவு. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிடும் பழக்கம் உள்ளவர் அதையே தொடரலாம். மருத்துவர் மாத்திரையை அதற்கேற்ப வைப்பார். ஆறு மாதம் கீரையே தொடாமலிருந்து, விரத நாளில் ஒரு சட்டி அகத்திக்கீரையைக் காலி செய்வதுதான் ஆபத்து. கீரையை முழுக்க விலக்கச் சொல்வது நோயாளிக்கும் சொல்பவருக்கும் சுலபம்; அதனால்தான் அது நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன். குறைந்த வருமானக் குடும்பத்தில் ஏற்கெனவே சோகையோடு இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து கீரையையும் பறிப்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டும்.

இனி கே2 மாத்திரை. கர்ப்பிணி வார்ஃபரின் சாப்பிட்டால் சில சிசுக்கள் தட்டையான மூக்கோடும், எலும்பு நுனிகளில் கால்சியப் புள்ளிகளோடும் பிறப்பதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். உறைவுக் காரணிக்கும் மூக்கெலும்புக்கும் என்ன சம்பந்தம்? கலிபோர்னியாவில் பால் பிரைஸ் 1983இல் எலும்பிலிருந்து பிரித்த ஒரு புரதம் விடை தந்தது. அதற்கும் வைட்டமின் கே-யின் முத்திரை வேண்டும். 1997இல் அந்தப் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் தமனிகள் சுண்ணாம்புக் குழாய்களாக இறுகி, இரண்டு மாதத்துக்குள் வெடித்துச் செத்தன. ஆக, கால்சியம் ரத்தக் குழாயில் படியாமல் தடுப்பதில் வைட்டமின் கே-க்குப் பங்கு உண்டு. இதுவரை எல்லாம் உறுதியானது.

இங்கிருந்து கடைக்குப் போகும் பாதைதான் வழுக்குகிறது. 2004இல் ராட்டர்டாம் ஆய்வு, 4,807 பேரின் உணவைக் கணக்கெடுத்து, கே2 அதிகம் எடுத்தவர்கள் இதயநோயால் இறப்பது 57 சதவீதம் குறைவு என்றது. டச்சுக்காரர்களுக்கு கே2 பெரிதும் பாலாடைக்கட்டியிலிருந்து வருகிறது. பாலாடைக்கட்டி சாப்பிடுகிறவருக்கும் சாப்பிடாதவருக்கும் இடையில் வேறு என்னென்ன வேறுபாடுகள் இருக்கும் என்பது இத்தகைய ஆய்வுகளின் தீராத தொல்லை. ஜப்பானில் நாட்டோ என்ற புளித்த சோயா கே2 நிறைந்தது. அதை அதிகம் உண்ணும் பகுதிகளில் இடுப்பெலும்பு முறிவு குறைவு என்ற ஒப்பீடும் இந்த ரகமே. காரணத்தை நிறுவ வேண்டுமானால் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் அப்படிப் பார்த்தார்கள். இதயத்தின் பெருந்தமனி வால்வில் கால்சியம் படிந்த 365 ஆண்களில் ஒரு பாதிக்கு நாளுக்கு 720 மைக்ரோகிராம் கே2-வும் வைட்டமின் டி-யும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. கால்சியம் இரு தரப்பிலும் ஒரே வேகத்தில் படிந்திருந்தது.

எலும்பின் கதை இன்னும் கசப்பானது. 2006இல் யார்க் பல்கலைக்கழகத்தினர் அதுவரை வந்த சோதனைகளைத் திரட்டி, கே2 இடுப்பெலும்பு முறிவை 77 சதவீதம் குறைக்கிறது என்று வெளியிட்டார்கள். முறிவுக் கணக்கு முழுவதும் ஜப்பானிய ஆய்வுகளிலிருந்து வந்தது. அதில் கனமான பங்கு யோஷிஹிரோ சட்டோ என்ற மருத்துவருடையது. அபர்டீனின் அலிசன் அவெனலும் ஆக்லாந்தின் மார்க் போலண்ட், ஆண்ட்ரூ கிரே ஆகியோரும் அவருடைய முப்பத்து மூன்று சோதனைகளைக் கட்டம் கட்டமாகச் சரிபார்த்து, அந்த எண்கள் இயல்பில் வரக்கூடியவை அல்ல என்று 2016இல் காட்டினார்கள். சட்டோவின் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைக் கழித்துவிட்டால் இடுப்பெலும்புக்கான அந்த 77 சதவீதத்துக்கு நிற்க இடமில்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியப் பெண்களிடம் நாளுக்கு 45 மில்லிகிராம் கே2 கொடுத்து நடத்திய பெரிய சோதனையில் முதுகெலும்பு முறிவு மொத்தத்தில் குறையவில்லை. டொராண்டோவில் 440 பெண்களுக்கு நாளும் 5 மில்லிகிராம் கே1 கொடுத்ததில் எலும்படர்த்தி மாறவில்லை. முறிவு மட்டும் 20க்கு 9 என்று குறைவாக இருந்தது. அது எதிர்பார்த்துத் தேடிய முடிவல்ல, எண்ணிக்கையும் சின்னது என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். 1992இன் பிரிஸ்டல் கணக்கை நம்ப மறுக்கும் அதே அளவுகோலை இந்த நல்ல செய்திக்கும் வைக்கத்தான் வேண்டும்.

கே2 பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சிறுநீரக நோயாளிகள் போன்ற சில குழுக்களில் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆய்வகமும் புதிது புதிதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது: மியூனிக்கில் எய்கன் மிஷிமாவும் மார்கஸ் கொன்ராடும் 2022இல், இரும்பைச் சார்ந்து நிகழும் ஒருவகை உயிரணு மரணத்தை வைட்டமின் கே தடுப்பதையும், வார்ஃபரினால் அடைக்க முடியாத இன்னொரு நொதி அதைப் புதுப்பிப்பதையும் கண்டார்கள். வார்ஃபரின் அதிகமானவர் வைட்டமின் கே கொடுத்ததும் மீள்வது எப்படி என்ற நெடுநாள் புதிருக்கு அதில் விடையும் இருந்தது. மருந்துக்கடைக்கு வர இதற்கு இன்னும் வெகுதூரம்.

ஆகவே வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது மூன்று. வீட்டில் குழந்தை பிறந்தால், மருத்துவமனையிலிருந்து கிளம்புமுன் வெளியேற்றச் சீட்டில் வைட்டமின் கே ஊசி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காரணமில்லாமல் மூக்கிலோ தொப்புளிலோ ரத்தம் வந்தாலோ, தோலில் நீலம் கன்றினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய கசிவுக்கு முன் இத்தகைய சின்னக் கசிவு வருவதுண்டு. மூன்றாவது, வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவர்களுக்கு. கால்சியம், டி3 மாத்திரை அட்டைகளில் இப்போது கே2-7 என்றும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். அது கீரையில் உள்ள கே1-ஐவிட ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கும். நாளுக்குப் பத்து மைக்ரோகிராமே சிலருக்கு மாத்திரையின் வேலையைக் குலைத்ததை 2013இல் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீரையைத் தவிர்த்துவிட்டு இந்த மாத்திரையை விழுங்குகிறவர்கள், அட்டையை அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனைக்குக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.